எல்லையோரத்தில் வீடு, மனை வாங்கி வாடகைக்கு விட நினைப்பவர்களுக்கு: விலை மதிப்பீடும் கடன் ஏற்பாடும்

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் வழியாகவோ மீனாட்சிபுரம் வழியாகவோ மேற்கே சென்றால், கேரள எல்லைச் சோதனைச்சாவடியைத் தாண்டிய பிறகும் பேச்சு தமிழாகவே இருக்கும்; தென்னந்தோப்பும் தொடர்ந்துகொண்டே போகும். பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், சித்தூர் வட்டாரத்தில் சொந்தபந்தம் இல்லாத கோவை மாவட்டக் குடும்பங்கள் குறைவு. அதனால்தான் இந்தப் பக்கத்துக்காரர் அந்தப் பக்கத்தில் இடம் வாங்குவதும், அந்தப் பக்கத்துக்காரர் கிணத்துக்கடவிலோ மதுக்கரையிலோ வீடு வாங்கி வாடகைக்கு விடுவதும் இங்கே வழக்கமாக இருக்கின்றன. ஆனால் நிலச் சட்டம், பதிவுச் செலவு, வருவாய் ஆவணம் ஆகிய மூன்றும் எல்லைக்கோட்டில் மாறிவிடுகின்றன. ஒரு பக்கத்தில் பழகிய கணக்கை அப்படியே மறுபக்கத்திற்குக் கொண்டுபோவதால் வரும் நஷ்டம், விலை கூடக் கொடுப்பதால் வரும் நஷ்டத்தைவிடப் பெரிது.

கையில் பத்து முதல் இருபது லட்சம் ரூபாய் சேமிப்பும், மாதச் சம்பளமோ கடை வருமானமோ உள்ள ஒருவர், ஒன்றிரண்டு சொத்துகளை வாங்கி வாடகை பார்க்க நினைத்தால் எந்த வரிசையில் செயல்பட வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன். லேஅவுட் போட்டு விற்பவர்களுக்கும், ஏக்கர் கணக்கில் தோப்பு வாங்குபவர்களுக்கும் கணக்கே வேறு. அது இங்கே வராது.

முதல் படி: எந்தப் பணம், எத்தனை காலத்திற்கு

இடத்தைப் பார்க்கப் போவதற்கு முன், அடுத்த ஐந்தாண்டுகளில் குடும்பத்திற்குத் தேவைப்படும் பணத்தைத் தனியே ஒதுக்கிவிடுங்கள். பிள்ளையின் கல்லூரிக் கட்டணம், வீட்டில் நடக்க வேண்டிய கல்யாணம், ஆறு மாத வீட்டுச் செலவு ஆகியவற்றைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் முதலீட்டுப் பணம். அசையாச் சொத்தை அவசரத்திற்கு விற்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். அவசரத்திற்கு விற்பவரைச் சந்தையும் புரோக்கரும் எவ்வளவு விரைவாக மோப்பம் பிடிப்பார்கள் என்பதுதான் பலருக்குத் தெரியாது. கேட்கும் விலையில் கால் பங்கு வரை விட்டுக்கொடுத்துத்தான் அப்படி விற்க நேரும்.

கூட்டாக வாங்கும் எண்ணம் இருந்தால் அதையும் இப்போதே முடிவு செய்ய வேண்டும். அண்ணன் தம்பியோ மைத்துனரோ சேர்ந்து வாங்கும்போது யார் பெயரில் எத்தனை பங்கு, யார் வாடகை வசூலிப்பது, ஒருவர் வெளியேற விரும்பினால் எந்த விலையில் மற்றவர் வாங்கிக்கொள்வது என்பவற்றை எழுதி வைத்துக்கொள்வது உறவைக் கெடுக்காது. எழுதாமல் விடுவதுதான் கெடுக்கும்.

இரண்டாம் படி: வாடகைக்கு ஆள் இருக்கும் இடமா

விலை ஏறும் என்பதை நம்பி வாங்குவதும், வாடகை வரும் என்று பார்த்து வாங்குவதும் வேறு வேறு வேலைகள். சிறு முதலீட்டாளருக்கு இரண்டாவதே பொருந்தும் என்பது என் முடிவான கருத்து. ஏனெனில் கடன் தவணை மாதாமாதம் வருகிறது. விலை ஏற்றம் விற்கும் நாளில் மட்டுமே வருகிறது.

எல்லையோரத்தில் வாடகைத் தேவை சில இடங்களில் குவிந்திருக்கிறது. கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையும் ஐ.ஐ.டி. பாலக்காடும் இருக்கும் கேரளத்துப் புதுச்சேரி ஊராட்சிப் பகுதி, எட்டிமடைப் பல்கலைக்கழக வளாகத்தைச் சுற்றிய ஊர்கள், மலுமிச்சம்பட்டி முதல் கிணத்துக்கடவு வரையிலான ஆலைகளும் கல்லூரிகளும், பொள்ளாச்சி நகரம் ஆகியவை அவற்றில் முக்கியமானவை. பாலக்காட்டில் தொழில் நகரம் அமைக்க மத்திய அமைச்சரவை 2024 ஆகஸ்டில் ஒப்புதல் அளித்தபின், அந்தப் பக்கத்தில் விலை சொல்பவர்களின் குரல் உயர்ந்திருக்கிறது. அறிவிப்புக்கும் ஆலையில் முதல் ஷிப்ட் தொடங்குவதற்கும் இடையே பல ஆண்டுகள் போகலாம்; அந்த ஆண்டுகளின் வட்டியை யார் கட்டுவது என்று கேட்டுக்கொண்டால் போதும்.

நேரில் பார்க்கும்போது காலையில் ஒரு முறை, மாலை ஆறு மணிக்கு மேல் ஒரு முறை போங்கள். பக்கத்து வீடுகளில் குடியிருப்பவர்களிடம் வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, முந்தைய குடித்தனக்காரர் ஏன் காலி செய்தார் என்று கேளுங்கள். வீட்டுக்காரர் சொல்லும் வாடகைக்கும் குடித்தனக்காரர் சொல்லும் வாடகைக்கும் ஆயிரம் ரூபாய் வித்தியாசம் வருவது சாதாரணம். பிறகு மீட்டர் பெட்டியைத் திறந்து மின் இணைப்புகளை எண்ணுங்கள். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரு மாதத்திற்கு 100 யூனிட் இலவசம். மூன்று போர்ஷனுக்கு ஒரே மீட்டர் என்றால் அந்தச் சலுகை ஒருமுறைதான் கிடைக்கும். மொத்த யூனிட்டும் மேல் படிநிலைக் கட்டணத்திற்கு ஏறிவிடும். அந்தச் சண்டை மாதந்தோறும் வீட்டுக்காரர் வாசலுக்குத்தான் வரும்.

தண்ணீரை ஏப்ரல், மே மாதங்களில் பார்க்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு முனையில் இருக்கும் சித்தூர் பகுதி மழைமறைவுப் பிரதேசம். கேரளம் என்றதும் நினைவுக்கு வரும் மழை இங்கே பெய்வதில்லை. நிலத்தடி நீருக்காகப் போராட்டம் நடந்த பிளாச்சிமடை இதே வட்டாரம்தான். போர்வெல்லின் ஆழம், மோட்டார் எத்தனை மணி நேரம் தொடர்ந்து இறைக்கிறது, கோடையில் லாரித் தண்ணீர் வாங்குகிறார்களா என்ற மூன்றையும் விசாரிக்காமல் திரும்ப வேண்டாம்.

மூன்றாம் படி: கணக்குப் போடுவது

இதுதான் வேலையின் நடுப்பகுதி. எனவே ஓர் எடுத்துக்காட்டை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். தொகைகள் கணக்கின் போக்கைக் காட்டுவதற்காக நான் வைத்தவை. உங்கள் இடத்திற்கு உங்கள் தொகைகளைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பொள்ளாச்சிக்கு அருகே நான்கு சென்ட் இடத்தில் இரண்டு போர்ஷன் வீடு. விலை 40 லட்சம். ஒரு போர்ஷன் 9,000 ரூபாய்க்கும் மற்றது 8,000 ரூபாய்க்கும் வாடகைக்குப் போகிறது. ஆண்டுக்கு 2,04,000 ரூபாய். புரோக்கர் இதை 40 லட்சத்தால் வகுத்து, ஐந்து சதவீதத்திற்கு மேல் வருகிறது என்பார். “பேங்குல போட்டா என்னங்க வருது, இதுல வாடகையும் வருது, ரெண்டு வருசத்துல இடமும் டபுள் ஆயிருமுங்க” என்று முடிப்பார்.

வகுக்கும் எண்ணும் தவறு, வகுபடும் எண்ணும் தவறு. முதலில் முழு அடக்கவிலையைப் பாருங்கள். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்திற்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். இந்தப் பதிவுக் கட்டணம் 2023 ஏப்ரலில்தான் 4 சதவீதத்திலிருந்து குறைக்கப்பட்டது. ஆக 3,60,000 ரூபாய். வக்கீல் கருத்துரை, பத்திர எழுத்துச் செலவு, வங்கியின் செயல்முறைக் கட்டணம், அடமானப் பதிவு, புரோக்கர் கமிஷன் ஆகியவற்றிற்கு 60,000 என்று வைப்போம். ஒழுகும் மொட்டைமாடிக்குத் தளம், கழிவறைப் பழுது, பெயிண்ட் ஆகியவற்றிற்கு 1,80,000. மொத்தம் 46 லட்சம்.

அடுத்து, கையில் நிற்கும் வாடகை. ஆண்டில் ஒரு மாதமாவது வீடு காலியாக இருக்கும் என்று வைத்து 17,000 கழிக்க வேண்டும். சொத்து வரி, தண்ணீர் வரி 9,000. பராமரிப்பு 18,000. இவை போக மிஞ்சுவது 1,60,000 ரூபாய். அதை 46 லட்சத்தால் வகுத்தால் 3.5 சதவீதத்திற்குச் சற்றுக் கீழே வருகிறது. ஐந்து சதவீதம் என்று தொடங்கியது, செலவைச் சேர்த்ததும் இங்கே வந்து நிற்கிறது.

இதை வைத்து இந்த வீடு வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் குடியிருப்பு வீட்டின் நிகர வாடகை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. இங்கே தலைகீழாக ஒரு கணக்குப் போட வேண்டும். போட்ட பணத்திற்கு நிகரமாக ஐந்து சதவீதம் வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்தால், 1,60,000 ரூபாய் வருமானத்திற்கு மொத்த அடக்கவிலை 32 லட்சத்தைத் தாண்டக் கூடாது. அதில் பழுதுச் செலவு, இதர செலவு 2,40,000 ரூபாயைக் கழித்து, பதிவுச் செலவு 9 சதவீதத்திற்கும் இடம் விட்டால், வீட்டுக்குக் கொடுக்கத்தக்க விலை ஏறத்தாழ 27 லட்சம். கேட்பது 40 லட்சம். நடுவில் உள்ள 13 லட்சம், இடம் விலை ஏறும் என்ற எதிர்பார்ப்புக்கு நீங்கள் முன்கூட்டியே கொடுக்கும் தொகை.

அந்த 13 லட்சத்தைக் கொடுக்கத் தக்க காரணம் இருக்கிறதா என்பதே உண்மையான கேள்வி. அகலப்படுத்தி முடித்த சாலை, இயங்கத் தொடங்கிவிட்ட ஆலை, மாணவர் சேர்க்கை நடந்துகொண்டிருக்கும் கல்லூரி போன்று கண்ணால் பார்க்கக்கூடிய காரணமாக அது இருந்தால் ஒரு பகுதியைக் கொடுக்கலாம். “வரப்போகிறது” என்பதற்கு நான் ஒரு ரூபாயும் கூட்டிக் கொடுக்க மாட்டேன். விற்பவரிடம் பேசும்போது இந்தக் கணக்குத் தாளையே எடுத்து வைப்பது நல்லது. வாடகை இவ்வளவு, செலவு இவ்வளவு, இதற்கு மேல் தாங்காதுங்க என்று காட்டிப் பேசும் ஆளிடம், சும்மா “குறைச்சுக்குங்க” என்பவரிடம் இறங்குவதைவிடக் கூடுதலாக இறங்குவார்கள்.

வெறும் மனைக்கு இந்தக் கணக்கு இன்னும் கடுமையானது, ஏனெனில் வாடகை என்ற வரியே அதில் கிடையாது. வட்டி முழுவதும் கையிலிருந்து போகும். கடன் வாங்கி வெறும் மனையை வாங்கிப் போட்டு வைப்பதைச் சிறு முதலீட்டாளருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேரளப் பக்கத்தில் இதே 40 லட்ச ரூபாய் வீட்டிற்கு முத்திரைத் தீர்வை 8 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். தமிழ்நாட்டைவிட 40,000 ரூபாய் கூடும். இந்த வித்தியாசத்தைப் பெரிதாக நினைத்து எந்தப் பக்கம் வாங்குவது என்று முடிவெடுக்க வேண்டாம். முடிவை மாற்றக்கூடியவை அடுத்த படியில் இருக்கின்றன.

நான்காம் படி: ஆவணங்கள்

தமிழ்நாட்டில் பார்க்க வேண்டியவை பலருக்கும் தெரிந்தவை: மூலப் பத்திரம் தொடங்கி இன்றுவரையிலான பத்திரத் தொடர்ச்சி, குறைந்தது முப்பதாண்டு வில்லங்கச் சான்று, பட்டா, புல வரைபடம், கட்டட அனுமதி, சொத்து வரி ரசீது. வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறையின் இணையதளத்திலேயே பார்த்துவிடலாம். ஆனால் பதிவு செய்யப்படாத வாரிசு உரிமை அதில் தெரியாது. தந்தை இறந்து, சகோதரிகளின் பங்கு தீராமல் இருக்கும் சொத்து வில்லங்கச் சான்றில் சுத்தமாகவே தோன்றும். வாரிசுச் சான்றையும், எல்லா வாரிசுகளின் கையெழுத்தையும் கேளுங்கள். வங்கி அடமானம் நிலுவையில் இருக்கிறதா என்பதை மத்திய அரசின் செர்சாய் பதிவேட்டிலும் தேடிப் பார்க்கலாம்.

மனையாக இருந்தால் நகர ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் எண்ணைக் கேளுங்கள். “பஞ்சாயத்து அப்ரூவல்” என்பது லேஅவுட்டிற்குப் போதாது. 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான அங்கீகாரமற்ற மனைப்பிரிவுகளுக்கு வரன்முறைத் திட்டம் வந்தது. அதற்குப் பின் உருவானவை அதில் அடங்கா. வரன்முறை ஆணை கையில் இருந்தால் மட்டும் பேசுங்கள். “அப்ளை பண்ணியிருக்குங்க” என்பதை விலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம். புது லேஅவுட்டோ அடுக்ககமோ 500 சதுர மீட்டருக்கு மேலான நிலத்திலோ, எட்டு வீடுகளுக்கு மேலோ இருந்தால் ரெரா (மனைவணிக ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு கட்டாயம். தமிழ்நாட்டிற்கும் கேரளத்திற்கும் தனித்தனி ஆணையம், தனித்தனி இணையதளம். மலையடிவாரத்தில் இடம் என்றால் அந்தக் கிராமம் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பஞ்சமி நிலம், கோயில் நிலம் ஆகியவற்றை எந்த விலைக்கும் தொட வேண்டாம்.

கேரளப் பக்கம் வந்தால் ஆவணங்களின் பெயரும் கிடைக்கும் இடமும் மாறும். கிரயப் பத்திரத்தை ஆதாரம் என்பார்கள். அதற்கு முந்தையது முன்னாதாரம். பட்டா, சிட்டாவைத் தேடி அலைய வேண்டாம். வில்லேஜ் ஆபீஸில் உள்ள தண்டப்பேர்ப் பதிவு (நில உரிமையாளரின் பெயர்க் கணக்கு), நில வரி ரசீது, கைவசச் சான்று, இருப்பிட வரைபடம் ஆகியவைதான் அங்கே பேசும்.

நில வரி ரசீதைக் கையில் வாங்கியதும் சர்வே எண்ணுக்கும் பரப்புக்கும் அருகே நிலத்தின் வகை என்னவென்று பார்க்க வேண்டும். புரயிடம் என்று இருந்தால் வீடு கட்டக்கூடிய மேட்டு நிலம். நிலம் என்று இருந்தால் வருவாய்த் துறையின் கணக்கில் அது நெல்வயல். நேரில் போனால் மண் நிரப்பித் தென்னை வைத்து, சுற்றுச்சுவர் எழுப்பி, வயலின் சாயலே இல்லாமல் இருந்தாலும் கணக்கில் வயல்தான். பரப்பு ஆர் என்ற அளவில் இருக்கும். ஓர் ஆர் என்பது ஏறத்தாழ 2.47 சென்ட்.

இங்கேதான் தமிழ்நாட்டிலிருந்து போய் வாங்குபவர்கள் சறுக்குகிறார்கள். 2008-ஆம் ஆண்டின் கேரள நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டப்படி ஒவ்வோர் ஊராட்சிக்கும் ஒரு டேட்டா பேங்க், அதாவது நெல்வயல், ஈரநிலங்களின் பட்டியல் உண்டு. உங்கள் சர்வே எண் அதில் இருந்தால், முதலில் அந்தப் பட்டியலிலிருந்து நீக்க ஆர்.டி.ஓ.விடம் (வருவாய்க் கோட்ட அலுவலர்) விண்ணப்பிக்க வேண்டும். அது ஐந்தாம் எண் படிவம். பட்டியலில் இல்லாமல் வருவாய்க் கணக்கில் மட்டும் வயல் என்று இருந்தால் ஆறாம் எண் படிவம். பரப்பைப் பொறுத்து அரசு நிர்ணயித்த நியாய விலையின் ஒரு விகிதத்தைக் கட்டணமாகக் கட்ட நேரும். கிருஷி பவன் (வேளாண் அலுவலகம்) அலுவலர் நேரில் பார்த்து அறிக்கை தருவார். பழைய செயற்கைக்கோள் படத்தையும் கேட்கக்கூடும். இவ்வளவும் முடியும்வரை அங்கே கட்டட அனுமதி கிடைக்காது. வங்கியும் வீட்டுக்கடன் தராது. சாலையோரத்தில், பக்கத்து இடத்தின் பாதி விலைக்கு ஓர் இடம் வருகிறது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். மாற்றி வாங்கித் தருகிறேன் என்று விற்பவர் சொன்னால், மாற்றிய ஆணை அவர் பெயரில் வந்த பிறகு கிரயம் என்று சொல்லிவிடுங்கள். அட்வான்ஸும் அதன் பிறகுதான்.

அட்டப்பாடி பக்கம் பழங்குடியினரின் நில உரிமைச் சட்டங்கள் குறுக்கே நிற்கின்றன; நிலச் சீர்திருத்தத்தில் அரசு எடுத்துப் பிரித்துக் கொடுத்த மிச்சபூமியிலும், அரசு வழங்கிய பட்டய நிலத்திலும் கைமாற்றுவதற்கு நிபந்தனைகள் உண்டு. இவை எதையும் புரோக்கர் வாயிலிருந்து கேட்டு முடிவு செய்யாமல், பாலக்காட்டிலோ சித்தூரிலோ தொழில் செய்யும் ஒரு வக்கீலிடம் எழுத்தில் கருத்துரை வாங்குங்கள். கோவை வக்கீல் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், அந்த வில்லேஜ் ஆபீஸின் பதிவேட்டைப் புரட்டிப் பழகியவர் அல்லர்.

பவர் ஏஜெண்ட் மூலம் வரும் சொத்தில், பவர் கொடுத்தவர் உயிருடன் இருக்கிறாரா, பவர் ரத்தாகாமல் இருக்கிறதா என்பதைப் பாருங்கள். பொது அதிகாரப் பத்திரத்தை வைத்தே சொத்து கைமாறியதாகக் கருத முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

ஐந்தாம் படி: கடன்

எவ்வளவு கடன் கிடைக்கும் என்பதும் எவ்வளவு கடனை அந்தச் சொத்து தாங்கும் என்பதும் வெவ்வேறு தொகைகள். ரிசர்வ் வங்கியின் விதிப்படி வீட்டுக்கடன் 30 லட்சம் வரை சொத்து மதிப்பில் 90 சதவீதமும், 30 லட்சத்திற்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதமும், அதற்கு மேல் 75 சதவீதமும் தரலாம். பத்து லட்சத்திற்கு மேற்பட்ட சொத்தின் மதிப்பில் முத்திரைத் தீர்வையையும் பதிவுச் செலவையும் சேர்க்கக் கூடாது. நம் எடுத்துக்காட்டு வீட்டிற்கு 32 லட்சம் வரை கிடைக்கலாம். மீதி 8 லட்சமும், மேற்செலவு 6 லட்சமும் சேர்ந்து 14 லட்சம் சொந்தக் கைப்பணம். கையில் 15 லட்சம் வைத்திருப்பவருக்கு இது பொருத்தமாகத் தோன்றும்.

ஆனால் 32 லட்சத்திற்கு 9 சதவீத வட்டியில், இருபதாண்டுத் தவணை மாதம் ஏறத்தாழ 28,800 ரூபாய். நிகர வாடகை மாதம் 13,300 ரூபாய்தான். மாதாமாதம் 15,500 ரூபாய் சம்பளத்திலிருந்து போகும். வீடு காலியாக இருக்கும் மாதத்தில் முழுத் தவணையும் போகும். இதைத் தெரிந்தே ஏற்றுக்கொள்பவர் ஏற்றுக்கொள்ளலாம், ஆனால் வாடகையே கடனைக் கட்டிவிடும் என்று வீட்டில் சொல்லிக்கொள்ளக் கூடாது.

வாடகை தாங்கும் கடனைக் கண்டுபிடிக்க, நிகர வாடகையை 1.2 ஆல் வகுத்து, வருவதைத் தவணையாக வையுங்கள். 13,300-க்கு 11,100 வருகிறது. 9 சதவீதத்தில் ஒரு லட்சத்திற்கு இருபதாண்டுத் தவணை ஏறத்தாழ 900 ரூபாய். ஆகவே இந்த வீடு தன் காலில் நின்று தாங்கும் கடன் 12 லட்சம் அளவில்தான். வட்டி 10 சதவீதமாக உயர்ந்தாலும் அந்த 12 லட்சத்திற்கான தவணை 11,600-ஐத் தாண்டாது, வாடகைக்குள் அடங்கும். 2019 அக்டோபருக்குப் பின் வங்கிகள் கொடுக்கும் மிதவை வட்டி வீட்டுக்கடன்கள் ரெப்போ (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி விகிதம்) போன்ற வெளி அளவுகோலோடு பிணைக்கப்பட்டவை என்பதால், இந்த ஏற்ற இறக்கத்தைக் கணக்கில் வைத்தே ஆக வேண்டும். மிதவை வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக்கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது. போனஸோ தேங்காய்க் காசோ வரும்போது அசலில் கட்டிவிடலாம்.

எல்லை தாண்டி வாங்குபவர், சொத்து இருக்கும் ஊருக்கு அருகிலுள்ள கிளையில் விண்ணப்பிப்பதே நடைமுறையில் எளிது. வங்கியின் பட்டியலில் உள்ள வக்கீலும் மதிப்பீட்டாளரும் அங்கேதான் இருப்பார்கள். விவசாய நிலத்திற்கு வீட்டுக்கடன் கிடைக்காது. மனைக்கடன் கிடைக்கும், ஆனால் குறிப்பிட்ட காலத்திற்குள் வீடு கட்டுவேன் என்ற உறுதிமொழியோடு.

வங்கிக்கு வெளியே உள்ள வழிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நகைக்கடன் விரைவாகக் கிடைக்கும். பதிவுச் செலவுக்கோ பழுதுவேலைக்கோ ஆறு மாதத்திற்கு வைக்கலாம், வீட்டு விலைக்கு வைப்பது தவறு. கேரளத்தில் 1969 முதல் நடக்கும் மாநில அரசு நிறுவனமான கே.எஸ்.எஃப்.இ.யின் சீட்டில் சேர்ந்து, தேவைப்படும் மாதத்தில் ஏலம் எடுப்பவர்கள் உண்டு. ஏலத் தள்ளுபடியை வட்டியாக மாற்றிக் கணக்கிட்டு, கொடுக்க வேண்டிய ஜாமீனையும் கேட்டுக்கொண்டு இறங்க வேண்டும். குடியிருக்கும் வீட்டை அடமானம் வைத்து வாடகை வீடு வாங்குவதை நான் ஆதரிப்பதில்லை. மீட்டர் வட்டியைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

விலையின் ஒரு பகுதியைக் கறுப்பில் கேட்பது இரு பக்கமும் உள்ள பழக்கம். 40 லட்ச வீட்டைப் பத்திரத்தில் 28 லட்சம் என்று எழுதினால், வங்கி பத்திர மதிப்பையே பார்க்கும். 12 லட்சத்தை ரொக்கமாகத் தேட வேண்டும். பின்னாளில் முழு விலைக்கு விற்கும்போது அந்த 12 லட்சமும் உங்கள் லாபமாகக் கணக்கில் ஏறி, 12.5 சதவீத வரியில் 1,50,000 ரூபாயை விழுங்கும். சொத்துப் பரிமாற்றத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதையே வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. அரசு மதிப்பைவிடப் பத்திர விலை பத்து சதவீதத்திற்கு மேல் குறைந்தால், அந்த வித்தியாசம் வாங்குபவரின் வருமானமாகவும் கருதப்படலாம்.

ஆறாம் படி: ஒப்பந்தமும் கிரயமும்

அட்வான்ஸ் கொடுக்கும் நாளிலேயே கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள். அதில் விலை, காலக்கெடு, விற்பவர் தர வேண்டிய ஆவணங்கள் ஆகியவற்றோடு இரண்டு வரிகளைச் சேர்க்கச் சொல்லுங்கள்: வங்கி வக்கீலின் கருத்துரையில் குறை வந்தால் அட்வான்ஸ் முழுவதும் திரும்ப வேண்டும், அளந்து பார்த்துப் பரப்பு குறைந்தால் சென்ட் கணக்கில் விலை குறைய வேண்டும். சர்வேயரை வைத்துப் புல வரைபடத்தோடு ஒப்பிட்டு அளப்பதற்கு ஆகும் செலவு, அரை சென்ட் குறைவதால் வரும் நஷ்டத்திற்கு முன் ஒன்றுமே இல்லை.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் ஒரு சதவீதம் வரி பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். இது இந்தியாவில் வசிப்பவரிடமிருந்து வாங்கும்போது. பாலக்காட்டுப் பக்கத்து வீடுகளின் உரிமையாளர்கள் பலர் வளைகுடாவில் இருக்கிறார்கள்; விற்பவர் வெளிநாடு வாழ் இந்தியராக இருந்தால் 50 லட்சம் என்ற வரம்பே கிடையாது, பிடித்தம் செய்யும் விகிதமும் பல மடங்கு அதிகம். பிடிக்காமல் விட்டால் அந்தப் பொறுப்பு வாங்கியவர் தலையில் விழும். குறைந்த விகிதத்தில் பிடிக்க வருமான வரித் துறையிடமிருந்து சான்று வாங்கி வரும்படி விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். அதற்கு வாரக்கணக்கில் ஆகும் என்பதால் ஒப்பந்தக் காலக்கெடுவையும் அதற்கேற்ப நீட்டி எழுதுங்கள்.

ஏழாம் படி: கிரயத்திற்குப் பின்

பத்திரம் பதிவானதோடு வேலை முடிவதில்லை. தமிழ்நாட்டில் பட்டாவும் சொத்து வரியும் மின் இணைப்பும் உங்கள் பெயருக்கு மாற வேண்டும். உட்பிரிவு தேவைப்படும் இடமானால் சர்வேயர் வந்து அளக்கும்வரை விடாமல் தொடர வேண்டும். கேரளத்தில் வில்லேஜ் ஆபீஸில் போக்குவரவு (உரிமையாளர் பெயர் மாற்றம்) செய்து, உங்கள் பெயரில் நில வரி கட்டி, ஊராட்சியில் கட்டடத்தின் உரிமைச் சான்றையும் மாற்ற வேண்டும்.

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கும் சட்டப்படி, வாடகை ஒப்பந்தத்தை எழுதி வாடகை அதிகார அலுவலரிடம் பதிவு செய்ய வேண்டும். பழகிய ஆள்தானே என்று வாய்ப்பேச்சில் விட்டால், காலி செய்ய மறுக்கும் நாளில் கையில் ஒன்றும் இருக்காது. கேரளத்தில் 1965-ஆம் ஆண்டுச் சட்டம் குடித்தனக்காரருக்குச் சாதகமானது. அங்கே குடிவைக்கும் ஆளைத் தேர்ந்தெடுப்பதில் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும்.

வாடகை வருமானத்தில் கட்டிய சொத்து வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதத்தைப் பராமரிப்புக்கென்று வருமான வரிச் சட்டம் தானாகவே கழித்துத் தருகிறது; கடன் வட்டியையும் கழிக்கலாம். ஆனால் புதிய வரி முறையில் இருப்பவர், வட்டி அதிகமாகி வீட்டு வருமானம் நஷ்டமானால் அதைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. ஆகவே மாதம் 15,500 ரூபாய் கையிலிருந்து போட்டாலும் வரியில் அதற்கு ஆறுதல் கிடையாது.

விற்கும்போது இரண்டாண்டு கடந்திருந்தால் நீண்டகால மூலதன ஆதாயமாக 12.5 சதவீத வரி. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய சொத்தாக இருந்தால், பணவீக்கச் சரிக்கட்டலோடு 20 சதவீதம் என்ற பழைய முறையிலும் கணக்கிட்டு, எது குறைவோ அதைக் கட்டலாம். பழுதுவேலையில் தளம் மாற்றியது, கூடுதல் அறை கட்டியது போன்ற மேம்பாட்டுச் செலவுகளை அடக்கவிலையில் சேர்க்கலாம். அதற்கு மேஸ்திரிக்குக் கொடுத்த பணம் வங்கி வழியாகப் போயிருக்க வேண்டும், பில்லும் பத்திரத்தோடு ஒரே கோப்பில் இருக்க வேண்டும்.